மூன்று மணி நேரத் தடம்

ஈரலைக் காயவைப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் மேலே கருகி, உள்ளே ஈரமாகவே நின்றுவிடும். சிறு தீயில் நெடுநேரம் விட்டு, ஆறவைத்து, சுண்டுவிரல் நகத்தளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். நாய் ஒரே விழுங்கில் விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்குத் தயாராகிவிடும். வியாழக்கிழமை என் சட்டைப் பையிலிருந்து எடுத்த துண்டுகளை உங்கள் காவலர் ஏதோ போதை மருந்து என்று நினைத்து உறையில் போட்டு முத்திரை வைத்திருக்கிறார். அது வெறும் கோழி ஈரல், ஐயா. சோதனைச்சாலைக்கு அனுப்பி அவர்கள் நேரத்தையும் வீணாக்க வேண்டாம்.

இன்று என்னை யாரும் அழைத்துவரவில்லை, நானாகத்தான் வந்தேன். முந்தாநாள், அண்ணன் இறந்த அன்று, நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஓர் இடத்தில் பொய் இருக்கிறது. அதைத் திருத்திவிட வேண்டும். எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடாது. வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். இருபத்திரண்டு வருஷமாக அதே இயந்திரம், அதே முக்காலி. முன்னறையில் சிரித்துப் பேசி வியாபாரம் செய்கிறவர்கள் வேறு. அளவுச்சீட்டில் இருப்பதற்கு மயிரிழை பிசகினாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால், 'பரவாயில்லை' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. மற்றபடி நான் சாது. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. நாயைக்கூட அடித்ததில்லை, கிளப்பில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

அண்ணன் எனக்கு நேர் எதிர். கிரேன் ஓட்டுநர். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி இறக்குகிறவர். வீட்டுக்குள் நுழையும்போது சத்தமும் கூடவே நுழையும். அவர் பேசினால் எல்லோரும் கேட்பார்கள். நான் பேச ஆரம்பித்தால் யாராவது "ஒரு நிமிஷம்" என்று எழுந்து போவார்கள், பெரும்பாலும் அண்ணன்தான். குறையாகச் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் எதுவும் அமையாதபோது, மாடியில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமல் வைத்துக்கொண்டவர் அவர்.

நாயும் அவர் கொண்டுவந்ததுதான். வேலையிடத்தில் மணல் குவியலில் கிடைத்த குட்டி. வந்த முதல் வாரத்தில் அண்ணியின் இரண்டு ஜோடிச் செருப்பு, ஒரு குடை, டிவி ரிமோட் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டது. "சரியான வாலுடா இது" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அதுவே பெயராகிவிட்டது. வளர்ந்தபின் ஆறடிச் சுவரை ஓடிவந்து தாண்டும். கூப்பிட்டால் நாலு வீடு தள்ளி நின்று, கேட்டது என்பதற்கு அடையாளமாக ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடும். கட்டி மேய்க்க முடியவில்லை என்றுதான் நான் அதை நாய்ப் பயிற்சி கிளப்புக்குக் கூட்டிப்போனேன்.

கிளப்பை நடத்துகிறவரைக் கேப்டன் என்பார்கள். எந்தப் படையிலும் அவர் இருந்ததில்லை, குரல் அப்படி. வேலைத்திறன் போட்டி என்று ஒன்று இருப்பதையே அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குளிப்பாட்டிச் சீவிக் கூட்டிப்போகிற அழகுப் போட்டி இல்லை அது. நாய் சுவர் ஏற வேண்டும். வைத்திருப்பவர் கண்ணுக்கு மறைந்த பிறகும் படுத்த இடத்தில் பத்து நிமிஷம் அசையாமல் கிடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தடம். ஒரு ஆள் வயலில் நடந்து போயிருப்பார். அவர் போன வழியை நாய் தரையிலிருந்து மூக்கை எடுக்காமல் அடி அடியாகப் பிடித்துப்போய், வழியில் அவர் போட்டுவிட்டுப் போன சிறு பொருள்களைக் காட்டிக் கொடுக்க வேண்டும். மேல்படிப் போட்டியில் தடத்தை மூன்று மணி நேரம் ஆறவிட்ட பிறகுதான் நாயை இறக்குவார்கள். வழி எது என்று நாயைப் பிடித்திருப்பவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் தன்னை அறியாமல் கயிற்றாலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்.

வாலுவுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. மற்ற இரண்டில்தான் தகராறு. படுக்கவைத்துவிட்டு நான் மறைந்தால் மூன்றாவது நிமிஷம் எழுந்து தேடி வந்துவிடும். தடத்தில் விட்டால் தலையைத் தூக்கிவிடும். தடம் போட்டவர் தொலைவில் வேலியோரம் ஒதுங்கி நிற்பார் அல்லவா, காற்றில் அவர் வாசனை வந்தால் போதும், தடத்தை உதறிவிட்டுக் குறுக்கே புகுந்து நேராக அவரிடம் போய் நின்று வாலாட்டும். "உன் நாய் ஆளைக் கண்டுபிடிக்குதுப்பா, ஆனா வேலை செய்யல" என்றார் கேப்டன். "நடுவருக்கு ஆள் வேணாம். தடம்தான் வேணும்." இரண்டு போட்டிகளில் தலை தூக்கியே தோற்றோம். நாய்க்கு ஏழு வயது நெருங்குகிறது. நாளைக் காலை நடக்கும் போட்டிதான் அதற்குக் கடைசி வாய்ப்பாக இருந்தது.

இதற்கு நடுவில் அண்ணனுக்கு மூளையில் ரத்தம் உறைந்தது. அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். உடம்பு பழைய உடம்பு, சிரிப்பு பழைய சிரிப்பு, ஆனால் ஆள் பாதிதான் திரும்பி வந்தார். கதவு திறந்திருந்தால் நடக்க ஆரம்பித்துவிடுவார். பேருந்து நிலையத்தில் இருப்பார், ரயில் பாலத்தடியில் இருப்பார், ஒருமுறை முன்பின் தெரியாத ஒரு வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, அதை விட முடியாது. பூட்டிவிட்டுப் போனால் கை வீங்கும் வரை கதவைத் தட்டுவார். அண்ணி குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவதை மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். நாயைப் படுக்கவைக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் ஐந்து விநாடி. அது எழுந்திருக்க நினைக்கும் முன்பே நாம் முந்திக்கொண்டு 'போதும்' என்று சொல்லி ஈரலைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு பத்து விநாடி, அரை நிமிஷம், இப்படி. 'போதும்' என்ற சொல் காதில் விழுந்தால்தான் எழுந்திருக்கலாம் என்று புத்தியில் ஏறிவிடும். அதையே அண்ணனுக்குச் செய்தேன். ஈரலுக்குப் பதில் கிரீம் பிஸ்கட்டில் பாதி. அண்ணன் வாலுவைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். இரண்டு மாதத்தில், காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது நாற்காலியில் உட்காரவைத்தால் மதியம் வந்து சொல்லும்வரை அப்படியே இருப்பார். ஒன்றிரண்டு முறை உடையிலேயே போய்விட்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

பயிற்சியில் கலைத்துப் பார்ப்பது என்று ஒரு கட்டம் உண்டு. டெலிபோன் மணி, கதவு தட்டும் சத்தம், இப்படி எதற்கும் அசையாமல் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் அண்ணியைச் சமையலறையிலிருந்து கூப்பிடச் சொன்னேன். "ஏங்க, சாப்பாடு ஆறிப்போகுது, வாங்க" என்று நாலு தடவை கூப்பிட்டார்கள். அண்ணனின் முகம் அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். சந்தோஷத்தில் அழுகிறார்கள் என்று நினைத்தேன். "உங்களாலதான் தம்பி நான் நிம்மதியா வேலைக்குப் போறேன்" என்று அதற்கு முன்பு அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் நாற்பத்தேழு வயதில் அண்ணன் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது அப்போதுதான்.

பயிற்சிக்குத் தடம் போட ஆள் கிடைப்பது கிளப்பில் குதிரைக்கொம்பு. அண்ணனுக்கோ நடக்கப் பிடிக்கும். உட்காரவும் இப்போது தெரியும். அதோடு வாலுவுக்கு அவர் என்றால் உயிர். அவரைத் தேடும்போதே தலை தூக்காமல் இருக்கப் பழகிவிட்டால், வேறு எவருக்காகவும் அது தலை தூக்காது. இதைக் கேப்டனிடம் சொன்னபோது அவர் "வேணாம்ப்பா" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு மூன்று விதி வைத்தேன். கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். யார் கூப்பிட்டாலும், நானே கூப்பிட்டாலும், குரல் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நாய் மூக்கை விட்டுவிட்டுக் காதால் தேட ஆரம்பித்துவிடும். 'போதும்' கேட்டால்தான் எழுந்திருக்கலாம். நாய்க்கும் அண்ணனுக்கும் ஒரே சொல். அது என் தவறு. ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு சொல் என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை கடை விடுமுறை. அண்ணி ஏழரைக்கே கிளம்பிவிட்டார்கள். ஒன்பதேகாலுக்கு ஊருக்கு வெளியே, கால்வாயை ஒட்டிய அறுவடை முடிந்த வயலில் வேனை நிறுத்தினேன். தூரத்தில் ஒரு பூச்செடிப் பண்ணை, அதைத் தவிர ஆள் அரவம் கிடையாது. அண்ணன் கையில் துணித்துண்டு ஒன்று, மரக்கட்டை ஒன்று, தோல்வார்த் துண்டு ஒன்று, ஆக மூன்று பொருள் கொடுத்தேன்.

"எங்கடா போகட்டும்?" என்றார்.

"உன் இஷ்டம்ணா. எனக்குத் தெரியக் கூடாது."

"அப்ப கண்ணை மூடிக்கோ" என்று சிரித்தார்.

நான் வேனுக்குள் ஏறி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் போவதை நான் பார்க்கவில்லை. வைக்கோல் தாளில் செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

பத்தரைக்குத் தூறல் போட்டது. பதினொன்றுக்கு மேல் மழை வலுத்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் போட்டியை மழைக்காக யாரும் தள்ளிவைப்பதில்லை, மூன்று மணி நேரம் என்றால் மூன்று மணி நேரம். பன்னிரண்டேகாலுக்கு வாலுவை இறக்கினேன்.

துணித்துண்டு ஆறு நிமிஷத்தில் கிடைத்தது. மரக்கட்டை இன்னும் எட்டு நிமிஷத்தில். அதற்குப் பிறகு வாலு நின்றது. தலை மேலே போயிற்று. காற்று இடப்பக்கம் கால்வாயிலிருந்து அடித்தது. அந்தப் பக்கம் இழுத்து, தொண்டைக்குள் ஒரு மாதிரி அழுதது. கயிற்றைச் சுருக்கிப் பிடித்து மரக்கட்டை கிடைத்த இடத்துக்கே கூட்டிவந்து மறுபடி ஆரம்பிக்க வைத்தேன். மறுபடி தூக்கியது. மறுபடி கூட்டிவந்தேன். மூன்றாவது தடவை அது இழுக்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அது என்னை அப்படிப் பார்த்ததில்லை. என்ன சொல்கிறது என்று எனக்குப் புரிந்தது. அண்ணன் அங்கேதான் இருக்கிறார் என்கிறது. ஆனால் நான் அன்றைக்குத் தேடியது அண்ணனை இல்லை, ஐயா. மறுபடி கூட்டிவந்தேன். நாலாவது தடவை அது மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, மழையில் கரைந்துபோன எதையோ பின்பற்றி, ஒரு வேலி மூலைக்குப் போய் நின்றுவிட்டது.

மணி ஒன்று. கால்வாயில் தண்ணீர்ச் சத்தம் காலையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. மேலே எங்கோ மதகைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் பிறகு தெரியும். "அண்ணா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இருக்காது, அப்படித்தான் பழக்கியிருந்தேன். எழுபத்திரண்டு தப்படி தூரத்தில், வரப்பை அடுத்த சின்னப் பாலத்துக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கி அவர் உட்கார்ந்திருந்தார். நேற்றுப் போய் நடந்து அளந்தேன்.

'போதும்' என்ற சொல் என் வாய்வரை வந்தது. உரக்கச் சொல்லியிருந்தால் அவர் எழுந்து வந்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஒருநாளும் அவர் தவறியதில்லை. ஆனால் சொன்னால் நாய்க்கும் வேலை முடிந்துவிடும். தோற்றுப்போய் நிற்கும்போது விடுதலை கிடைத்தால், தோற்பதுதான் விடுதலைக்கு வழி என்று அது கற்றுக்கொள்ளும். மூன்று நாளில் போட்டி. இரண்டு வருஷ உழைப்பு ஒரு சொல்லில் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். குழம்பிய நாயை உடனே மறுபடி வேலையில் விடக் கூடாது, அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்பது முறை. வேனுக்குக் கூட்டிவந்து துவட்டினேன்.

வேனில் இருந்தபோது என்னிடம் யாரும் வரவில்லை என்று முந்தாநாள் எழுதிக் கொடுத்தேன். அதுதான் பொய்.

பூச்செடிப் பண்ணையில் வேலை செய்யும் அந்த அம்மா, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்கள். நாலு விரல் அளவுக்கு இறக்கினேன்.

"ஐயா, ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு, எந்திரிக்க மாட்டேங்கிறாரு. வாயில விரலை வச்சு உஷ்ங்கிறாரு. உங்க ஆளா?"

"எங்க அண்ணன்தான். பயிற்சி நடக்குது. அவர்கிட்ட பேச்சுக் கொடுக்காதீங்க."

"தண்ணி இடுப்புக்கு வந்துடுச்சுங்க. கையைப் புடிச்சு இழுத்தேன், கம்பியைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறாரு. தம்பி இன்னும் சொல்லலைங்கிறாரு. நீங்க வாங்க, அந்தப்—"

"எங்கன்னு சொல்லாதீங்க" என்றேன்.

அவர்கள் உங்களிடம் இதைச் சொல்லியிருப்பார்கள், நீங்கள் நம்பாமல் இருந்திருக்கலாம். நம்புங்கள். மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்டது. இடுப்பு என்றது கேட்டது. இடம் தெரிந்துவிட்டால் அந்தத் தடமே செல்லாது, அவ்வளவுதான் அப்போது என் மனசில் இருந்தது. அந்த அம்மா ஆள்களைக் கூட்டிவரப் பண்ணைப் பக்கம் ஓடினார்கள். நான் கண்ணாடியை ஏற்றினேன். நாயின் ஓய்வுக்கு இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்தது. ஒன்பது நிமிஷமும் இருந்தேன்.

மறுபடி இறங்கியபோது வாலு தலை தூக்கவில்லை. அதே காற்று, அதே பக்கம்தான். மூக்கைத் தரையோடு ஒட்டவைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக, வரப்பு வழியே போய், அந்தச் சின்னப் பாலத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. கீழே அண்ணன். வாலுவின் தலை ஓர் அங்குலம் உயரவில்லை. அப்படி ஒரு சுத்தமான வேலையை நான் எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்து ஈரல் கொடுத்தேன். அந்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்தாரா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பண்ணை ஆள்கள் கயிற்றோடு வந்து அவரை வெளியே எடுத்தார்கள். கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இன்னொரு கைக்குள் தோல்வார்த் துண்டு இருந்தது. போட மறந்துவிட்டார். அதாவது, மூன்றாவது பொருள் தடத்தில் இல்லவே இல்லை. வேலி மூலையில் வாலு வெறுங்கையாக நின்றதில் அதன் தவறு ஒன்றும் கிடையாது. அதைப் பார்த்ததும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மனசு லேசாகிவிட்டது.

மருத்துவமனை நடையில் அண்ணி ஈரக் கையோடு ஓடிவந்தார்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எந்திரிச்சு வந்திருப்பாரே, தம்பி" என்றார்கள். "சொன்னா நாயும் எந்திரிச்சுடும், அண்ணி" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர்கள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நேற்று அந்த நாற்காலியைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டார்கள். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அதை எடுத்துப்போகவில்லை. அண்ணனின் சத்தம் இல்லாமல் அந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஐயா. அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நான் அவரைத் தண்ணீரில் தள்ளவில்லை. தெரிந்தே ஒரு சொல்லைச் சொல்லாமல் இருந்தேன், தெரிந்தே ஒரு கண்ணாடியை ஏற்றினேன். நான்தான் கொன்றேன். எந்தப் பிரிவில் வரும் என்று நீங்கள் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பயிற்சி, போட்டி எல்லாவற்றையும் அன்றோடு தலைமுழுகிவிட்டேன். நாய் இனி வெறும் நாயாக இருந்துவிட்டுப் போகட்டும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? கொடுங்கள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது போலிருக்கிறதே. உங்களுக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள். சுற்றுச்சுவர் ஓரமாக வாலு படுத்திருக்கும். உள்ளே வரும்போது படுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். உங்கள் காவலர் யாரோ அதைக் கூப்பிடுகிறார் பாருங்கள், பாவம், நனையக் கூடாது என்றுதான் கூப்பிடுகிறார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அது வராது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதுவரை அது மூன்று நிமிஷத்தைத் தாண்டியதில்லை. நாளைக்கு அவர்கள் கேட்கப்போவது வெறும் பத்துதான்.